கராஜ் ஜிம்மில் தசை ஏறவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடியுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவில் மட்டும் ஐந்து வீட்டுக் கராஜ்களில் இரும்பு கிடக்கிறது. கார் வெளியே மழையில் நிற்கும். உள்ளே எடைத்தண்டான பாரும், அதைத் தாங்கும் இரும்புச் சட்டமான ராக்கும், படுத்துத் தூக்கும் பெஞ்சும், எடைத் தட்டுகளான பிளேட்டுகளும் குடியேறியிருக்கும். வாங்கிய புதிதில் விடிவதற்கு முன்னாலேயே சத்தம் கேட்கும். நான்கைந்து மாதம் போனதும் பையன்களில் ஒருவன் என் வாசலில் வந்து நிற்பான்: "அங்கிள், ஒண்ணுமே ஏறலை. அடுத்து என்ன வாங்கணும்?"

எதையும் வாங்க வேண்டாம், முதலில் உன் கராஜைக் காட்டு என்பேன். போய்ப் பார்த்தால், வாங்காத பொருளால் வந்த குறையாக அது இருப்பது அபூர்வம். தரையில் இருக்கும், நோட்டில் இருக்கும், சாப்பாட்டுத் தட்டில் இருக்கும். அப்படிப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தவற்றைக் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் கராஜில் எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். ஆனால் முதல் தலைப்பை மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள்.

பெஞ்சில் தனியாகப் படுக்கப் பயமாக இருக்கிறது

அந்தப் பயம் சரியான பயம். வெளி ஜிம்மிலோ கிளப்பிலோ என்றால் பின்னால் நின்று பிடிக்க ஆள் இருப்பார். கராஜில் நீங்களும் பாரும் மட்டும்தான். பார் கழுத்தில் விழுந்தால் கூப்பிடக்கூடக் குரல் வராது.

ராக் இருந்தால், இரண்டு பக்கமும் குறுக்கே போடும் பாதுகாப்புக் கம்பிகள் உடன் வந்திருக்கும். பலர் அவற்றைச் சுவரோரம் சாய்த்து வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். எடுத்து மாட்டுங்கள். உயரம் பார்க்கும் முறை இது: வெறும் பாரை மட்டும் வைத்துக்கொண்டு படுங்கள். தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் இழுத்து, நெஞ்சை உயர்த்தி, பாரை நெஞ்சில் தொடும்வரை இறக்குங்கள். கம்பி அந்த இடத்துக்கு இரண்டு மூன்று செ.மீ. கீழே இருக்க வேண்டும். இப்போது மூச்சை விட்டு நெஞ்சைத் தளர்த்தினால் பார் கம்பியின்மேல் உட்கார வேண்டும். கழுத்துப் பக்கம் பாரை நகர்த்தியும் பாருங்கள். தொண்டையைத் தொடாமல் கம்பியில் நின்றால் சரி. எடை ஏற்றுவது அதற்கப்புறம்.

ராக் இல்லை, பெஞ்சோடு சேர்ந்த இரண்டு கொம்புகள் மட்டும்தான் இருக்கின்றனவா? அப்படியானால் கனமான பார்பெல் பெஞ்சை விட்டுவிட்டு, டம்பெல்லை வைத்துத் தரையில் படுத்தே அழுத்துங்கள். நெஞ்சு வளர அதுவும் போதும். வேறு வழியே இல்லாமல் பாரில் செய்தால், பிளேட் கழலாமல் பிடிக்கும் கிளிப்பைப் போடாதீர்கள். மாட்டிக்கொண்டால் பாரை ஒரு பக்கம் சாய்த்துப் பிளேட்டுகளைக் கீழே நழுவவிடலாம். கட்டைவிரல் எப்போதும் பாரைச் சுற்றியே இருக்கட்டும்.

பெஞ்சையும் பாருங்கள். நான் முதலில் வாங்கிய பெஞ்சில் 200 கிலோ தாங்கும் என்று ஒட்டியிருந்தது. பார், பிளேட் எடையை மட்டும் அந்தக் கணக்கில் வைத்துக்கொண்டு, என் 85 கிலோவைச் சேர்க்க மறந்தேன். ஆறாவது மாதம் இருக்கைக்கு அடியில் வெல்டிங் பிளந்தது. கம்பிகள் இருந்ததால் பிழைத்தேன். அன்றிலிருந்து மாதம் ஒரு தடவை டார்ச் அடித்து எல்லா வெல்டிங்கையும் பார்க்கிறேன், நட்டுகளை முடுக்குகிறேன்.

கரண்ட் போன நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022, 2023-இல் மின்வெட்டு ஆறாம் கட்டம் (நாளில் பல மணி நேரம் கரண்ட் இல்லாத நிலை) வரை போனபோது, கராஜுக்குள்ளேயே ஜெனரேட்டரை ஓடவிட்டுப் பயிற்சி செய்தவர்களை எனக்குத் தெரியும். செய்யவே கூடாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கம் வருவதுபோல ஆளைச் சாய்த்துவிடும். சார்ஜ் போடும் விளக்கு ஒன்று போதும். தலைக்கு மேல் பார் இருக்கும்போது விளக்கு அணைந்துவிடக் கூடாது என்பதால், இருட்டு நேரத்தில் கரண்ட் இருந்தாலும் அதை எரியவிட்டே தொடங்குங்கள்.

பார் ஒரு பக்கம் சாய்கிறது, ஒரு காலோ ஒரு பக்க இடுப்போ மட்டும் வலிக்கிறது

எங்கள் ஊரில் இதுதான் அதிகம். காரணம் மண்ணிலேயே இருக்கிறது. சாட்ஸ்வொர்த் முழுக்க மேடும் பள்ளமும். சரிவை வெட்டித்தான் மனை போட்டிருக்கிறார்கள். கராஜ் தரையையோ, தண்ணீர் வெளியே ஓட வேண்டும் என்று வாசலை நோக்கிச் சரித்து ஊற்றியிருப்பார்கள். மீட்டருக்கு ஒரு செ.மீ. சரிவு என்றால் கண்ணுக்குத் தெரியாது. ஒரு கோலிக்குண்டை வைத்தால் தெரியும்.

பக்கச்சுவரைப் பார்த்தபடி ராக்கை வைத்திருக்கிறீர்களா? அப்போது அந்தச் சரிவு உங்கள் இடது காலுக்கும் வலது காலுக்கும் நடுவில் வருகிறது. கால்களை அரை மீட்டர் அகட்டி நின்றால் ஒரு கால் அரை செ.மீ. தாழ்வாக இருக்கும். ஒரு நாளைக்குப் பரவாயில்லை. வாரத்துக்கு நூறு ஸ்க்வாட் (தோளில் பாரோடு உட்கார்ந்து எழுவது) என்று மாதக்கணக்கில் செய்தால் உடம்பு சொல்லிவிடும்.

உடனே செய்யக்கூடியது, கராஜ் கதவுக்கு இணையாகப் பார் கிடக்கும்படி ராக்கைத் திருப்புவது. இரண்டு கால்களும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். முகம் கதவைப் பார்த்து இருக்கட்டும். அப்போது குதிகால் ஒரு துளி உயர்ந்திருக்கும், ஸ்க்வாட்டுக்கு அது இதம். உள்சுவரைப் பார்த்து நின்றால் பாதத்தின் முன்பக்கம் உயர்ந்து, ஆழமாக உட்கார விடாது. ஒரு சிக்கல் மட்டும் உண்டு. ஒலிம்பிக் பாரின் நீளம் 2.2 மீட்டர். ஒரு கார் கராஜின் அகலம் 3 மீட்டர் என்றால் பக்கத்துக்கு 40 செ.மீ.தான் மிஞ்சும். ராக் சரியாக நடுவில் இருந்தால்தான் பிளேட் மாட்ட முடியும். ஆகவே அளந்து, தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, அப்புறம் நகர்த்துங்கள்.

நிரந்தரத் தீர்வு மேடை. 18 மி.மீ. ஷட்டர்பிளை (தடித்த ஒட்டுப்பலகை) இரண்டு அடுக்கு, ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக. தாழ்ந்த பக்கத்துக்கு அடியில் மெல்லிய மரத்துண்டுகளைச் சொருகி, கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை நான்கு திசையிலும் வைத்துப் பாருங்கள். துண்டுகளை ஓரத்தில் மட்டும் வைத்தால் நடுவில் பலகை வளையும், உள்ளேயும் வரிசையாக வையுங்கள். ராக்கின் காலுக்கு மட்டும் முட்டுக் கொடுப்பதில் பயன் இல்லை. நீங்கள் நிற்கும் இடம் சாய்ந்தேதான் இருக்கும்.

தரை மட்டமான பிறகும் சாய்கிறதா? பிளேட்டை நிறுத்துப் பாருங்கள். மலிவான வார்ப்பு இரும்பில் 20 என்று போட்டிருப்பது 20 ஆக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. குளியலறைத் தராசில் பிளேட்டோடு ஒரு தடவை, இல்லாமல் ஒரு தடவை ஏறி நின்று கழித்துக்கொள்ளுங்கள். உண்மையான எடையை வெள்ளைப் பெயிண்டால் எழுதிவிட்டு, ஒத்துப்போகும் ஜோடியாக மாட்டுங்கள்.

அதிலும் தெரியவில்லை என்றால் உடம்பிலேயே ஒரு பக்கம் பலம் குறைவு. ஒற்றைக் கால், ஒற்றைக் கைப் பயிற்சிகளைப் பலவீனமான பக்கத்தில் தொடங்குங்கள். அது எத்தனை தடவை செய்ததோ அத்தனையே மற்றப் பக்கமும்.

டெட்லிஃப்ட்டில் கீழ்முதுகு பிடிக்கிறது

டெட்லிஃப்ட் என்றால் தரையில் கிடக்கும் பாரைப் பிடித்து நிமிர்வது. காணொளியைப் பார்த்து நிலையைத் திருத்துவதற்கு முன்னால், தரையிலிருந்து பாரின் நடுப்பகுதி வரை டேப் வைத்து அளந்து பாருங்கள். 22.5 செ.மீ. இருக்க வேண்டும். முழு அளவுப் பிளேட்டின் விட்டம் 45 செ.மீ. என்பதால் வந்த கணக்கு அது. வீட்டில் நாம் மாட்டுவதோ 10 கிலோப் பிளேட்டுகள். அவற்றின் விட்டம் 30 செ.மீ. என்றால் பார் 15 செ.மீ. உயரத்தில்தான் கிடக்கும். ஏழரை செ.மீ. கூடுதலாகக் குனிகிறீர்கள். அந்தக் கடைசிக் குனிதலில்தான் பலருக்கு முதுகு வளைகிறது.

பிளேட்டுகளுக்கு அடியில் பலகைத் துண்டுகளை அடுக்கி உயரத்தைச் சரி செய்யுங்கள். வலி பெரும்பாலும் அங்கேயே நிற்கும். காலில் மரத்துப்போவது, தொடையிலிருந்து பாதம்வரை சுரீரென்று இறங்குவது இருந்தால் பலகையை விட்டுவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

மாதங்கள் ஆகியும் தூக்கும் எடை ஏறவே இல்லை

நோட்டைக் காட்டு என்று கேட்பேன். நோட்டு இருக்காது. போன செவ்வாய்க்கிழமை எத்தனை கிலோ, எத்தனை தடவை என்று கேட்டால் "ஒரு அம்பது இருக்கும் அங்கிள்" என்று பதில் வரும். அங்கேயே பிழை பாதி அகப்பட்டுவிட்டது. தசைக்கு வளர வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. போன தடவையைவிட இந்தத் தடவை கொஞ்சம் கூடுதலாகக் கேட்டால்தான் அது வளரும். போன தடவை என்ன என்றே தெரியாதவர் எப்படிக் கூடுதலாகக் கேட்பார்?

என் அக்கா மகனுக்குச் சொல்லிக் கொடுத்த முறை இது. ஒரு பயிற்சிக்கு மூன்று செட், ஒவ்வொன்றிலும் 8 முதல் 12 தடவை. 40 கிலோவில் முதல் நாள் 10, 9, 8 வந்தது என்று வைத்துக்கொள்வோம். எழுதிக்கொள்ளுங்கள். எடையைத் தொடாமல், அடுத்தடுத்த நாட்களில் ஒவ்வொரு தடவையாகக் கூட்டி 12, 12, 12-க்குக் கொண்டுவாருங்கள். வந்ததும் 42.5. எண்ணிக்கை மறுபடி எட்டு, ஒன்பதுக்கு இறங்கும். மறுபடி ஏறுங்கள்.

இதைச் செய்தும் நின்றுபோனால், இந்த வரிசையில் பாருங்கள்.

செட்டை எங்கே நிறுத்துகிறீர்கள்? இன்னும் ஐந்தாறு தடவை வரும் என்ற நிலையில் பாரை வைத்துவிட்டால் தசைக்குச் சொல்லவேண்டியது போய்ச் சேராது. இன்னும் ஒன்றிலிருந்து மூன்று வரைதான் முடியும் என்ற இடத்தில் நிறுத்துங்கள். அந்த இடம் எது என்று தெரியாவிட்டால், டம்பெல் கர்ல் (முழங்கையை மடக்கி டம்பெல்லைத் தூக்குவது) மாதிரி ஆபத்தில்லாத பயிற்சியில் ஒரு நாள் முடியாமல் போகும்வரை செய்து பாருங்கள். நினைத்ததைவிட வெகுதூரம் இருக்கிறது என்பது புரியும்.

வாரத்துக்கு எத்தனை செட்? ஒரு தசைக்குச் சுமார் பத்தில் தொடங்கலாம், இருபதுக்கு மேல் பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படாது. திங்கட்கிழமை நெஞ்சுக்கு 16 செட் போட்டுவிட்டு ஏழு நாள் சும்மா விடுவதைவிட, இரண்டு நாளாக எட்டெட்டாகப் பிரிப்பது நல்லது. பதினாலாவது செட்டில் வெறும் களைப்புதான் இருக்கும்.

ஓய்வு எவ்வளவு? ஸ்க்வாட், டெட்லிஃப்ட், பெஞ்ச் இவற்றின் செட்டுகளுக்கு நடுவே இரண்டு மூன்று நிமிடம் உட்காருங்கள். மூச்சு வாங்குவதால் அடுத்த செட் கெடுகிறது என்றால், அது தசைக்குக் கிடைக்க வேண்டிய வேலையைக் குறைக்கிறது.

தாண்டும் படி பெரிதாக இருக்கிறதா? பல வீடுகளில் மிகச் சிறிய பிளேட் 2.5 கிலோ. இரண்டு பக்கமும் போட்டால் 5 கிலோ ஒரே தாவல். 60 கிலோ ஸ்க்வாட்டில் அதைச் சமாளிக்கலாம். 25 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கும்போது அது ஐந்தில் ஒரு பங்கு, யாரும் நின்றுபோவார்கள். ஒரு ஜோடி 1.25 கிலோப் பிளேட் வாங்குங்கள். இந்தக் கட்டுரையில் நான் வாங்கச் சொல்லும் இரும்பு இது ஒன்றுதான்.

இருக்கும் எடையே போதவில்லை என்றால்? மொத்தம் 50 கிலோதான் இருக்கிறது, ஸ்க்வாட்டில் அது லேசாகிவிட்டது என்று ஒரு தம்பி வந்தான். கனமான எடைதான் தசை வளர்க்கும் என்பது பழைய நம்பிக்கை. எடை குறைவாக இருந்தாலும், 20, 25, 30 தடவை என்று முடியாத எல்லைக்குப் பக்கத்தில் போனால் தசை ஏறத்தாழ அதே அளவு வளர்கிறது. பலம்தான் கனமான எடையில் கூடுதலாக வரும். அவனை ஒரு காலைப் பெஞ்சில் பின்னால் தூக்கிவைத்து ஒற்றைக் கால் ஸ்க்வாட் செய்யச் சொன்னேன், இறங்குவதற்கு மூன்று வினாடி. 50 கிலோ மறுபடி கனமாகிவிட்டது.

அப்புறம் தூக்கம். இரவு ஷிஃப்ட் வேலை பார்த்துவிட்டு நான்கு மணி நேரம் தூங்குகிறவருக்கு எந்த நோட்டும் உதவாது. அந்த வாரங்களில் செட்டை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, பிடித்துவைத்ததை இழக்காமல் இருப்பதே போதும்.

புரட்டாசி வந்தால் உடம்பு வற்றிப்போகிறது

செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை டர்பனில் எத்தனையோ தமிழ் வீடுகளில் இறைச்சி, மீன், முட்டை எதுவும் அடுப்பேறாது. தை மாதக் காவடிக்கும் விரதம் உண்டு. விரதத்தால் தசை போகிறது என்று சிலர் மனத்தாங்கலோடு சொல்கிறார்கள். விரதத்தின்மேல் பழி போட வேண்டாம். கோழியை எடுத்த இடத்தில் உருளைக்கிழங்கை வைப்பதுதான் காரணம்.

கணக்கு இதுதான். 2018-இல் 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு பகுப்பாய்வில், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளைக்குச் சுமார் 1.6 கிராம் புரதம்வரை பலன் தெரிந்தது, அதற்கு மேல் சராசரியாகப் பெரிதாக ஒன்றும் கூடவில்லை. 70 கிலோ ஆளுக்கு 112 கிராம். இறைச்சி இல்லாமல் அதை எட்டுவது கஷ்டமில்லை, ஆனால் திட்டமிட வேண்டும்.

எங்கள் வீட்டுப் புரட்டாசி நாள் ஒன்று: காலையில் அரை லிட்டர் பாலில் ஓட்ஸ், மேலே இரண்டு கரண்டி வேர்க்கடலை வெண்ணெய். 28 கிராம் வந்துவிடும். மதியம் சோறும், நிறைய சுகர் பீன்ஸ் (புள்ளி போட்ட காய்ந்த பீன்ஸ்) கறியும், வெந்த பீன்ஸ் மட்டும் கால் கிலோ. சோற்றோடு சேர்த்து 28, 29. சாயங்காலம் அரை லிட்டர் அமாசி (புளித்த பால்), 16. இரவு மூன்று ரொட்டியும் சோயா மின்ஸ் கறியும். சோயா மின்ஸ் காய்ந்த நிலையில் பாதிக்குப் பாதி புரதம், 60 கிராம் ஊறவைத்தால் 30 கிராம் கிடைக்கும். ரொட்டியோடு சேர்த்தால் நாள் கணக்கு 110-ஐத் தொட்டுவிடும். பட்டாணி போட்டு, கொத்தமல்லி தூவி, என் மனைவி செய்யும் சோயா மின்ஸுக்காகவே புரட்டாசியை எதிர்பார்க்கிறவன் நான். வெளியே சாப்பிட நேர்ந்தால் பீன்ஸ் பன்னி (குடைந்த பிரெட்டுக்குள் பீன்ஸ் கறி) வாங்குங்கள். ரொட்டிச் சுவரைக் கொஞ்சம் விட்டுவிட்டுப் பீன்ஸை முழுக்கச் சாப்பிடுங்கள்.

மற்ற மாதங்களில் முட்டைக்கு 6 கிராம், தக்காளிச் சாற்றில் வரும் சின்ன டப்பா பில்சர்டு மீனுக்கு 25 கிராம் அளவுக்கு என்று வைத்துக்கொள்ளலாம். விலைக்கு அந்த டப்பா மீனை மிஞ்ச எதுவுமில்லை. புரதப் பொடிகள் தேவைப்பட்டால் வாங்குங்கள், கட்டாயம் இல்லை. கிரியேட்டின் மோனோஹைட்ரேட் என்ற பொடி உண்மையிலேயே வேலை செய்கிறது. நாளைக்கு 3 முதல் 5 கிராம் போதும். இறைச்சி சாப்பிடாதவர்களின் தசையில் அது இயல்பாகவே குறைவு என்பதால், அவர்களுக்குப் பலன் இன்னும் தெளிவாகத் தெரியலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

நம் சமூகத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அதிகம் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் சில சர்க்கரை மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும் பயிற்சிக்கு நடுவிலோ அப்புறமோ சர்க்கரை சட்டென்று இறங்கலாம். வெறும் வயிற்றில் விரத நாளில் தூக்கவே வேண்டாம். அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள் மூச்சை அடக்கிக் கனமாகத் தூக்கக் கூடாது, அந்த நொடியில் அழுத்தம் மிக உயரத்துக்குப் போகும்.

பெஞ்ச் செய்தால் தோளின் முன்பக்கம் வலிக்கிறது

முழங்கைகளை உடம்புக்குச் செங்குத்தாக விரித்து இறக்குகிறீர்கள். விலாப் பக்கம் கொஞ்சம் கொண்டுவாருங்கள், மேலிருந்து பார்த்தால் அம்பு முனைபோல. பார் தொட வேண்டிய இடம் முலைக்காம்பு வரிசை அல்லது சற்றுக் கீழே. நெஞ்சுக்குத் தள்ளும் ஒவ்வொரு செட்டுக்கும் முதுகுக்கு இழுக்கும் ஒரு செட்டாவது இருக்கட்டும். இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் டம்பெல்லுக்கு மாறுங்கள்.

பாரும் பிளேட்டும் துருப்பிடிக்கின்றன

கடல் காற்று, கோடை முழுக்க ஈரப்பதம். டர்பனில் பூச்சில்லாத இரும்பு சில வாரங்களிலேயே பழுப்பாகிவிடும். பிடிமானத்துக்கு மாக்னீசியப் பொடி பூசுகிறவர்கள் பாரைத் துடைக்காமல் விட்டால் இன்னும் சீக்கிரம். சொரசொரப்பு வெட்டுக்குள் பொடியும் வியர்வையும் சேர்ந்து ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

ஒவ்வொரு நாளும் முடித்ததும் நைலான் பிரஷ்ஷால் ஒரு தேய்ப்பு, காய்ந்த துணியால் ஒரு துடைப்பு. மாதம் ஒரு தடவை தையல் மெஷின் எண்ணெயை மெல்லியதாகத் தடவி, ராத்திரி விட்டு, காலையில் நன்றாகத் துடையுங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துக் காய்ந்துபோகும். பிளேட்டுகளைச் சிமெண்டுத் தரையில் நேரே படுக்க வைக்காமல் மரத்தாங்கியில் நிறுத்துங்கள். பழைய துருவுக்கு: கம்பி பிரஷ், அப்புறம் துருத்தடுப்புப் பெயிண்ட் இரண்டு பூச்சு. பாருக்குப் பெயிண்ட் அடிக்காதீர்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுகிறார்

1960-களில், இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தைச் சொல்லி நம் பெரியவர்களைப் பல இடங்களிலிருந்து இங்கே கொண்டுவந்து போட்டபோது கட்டிய வீடுகள் பலவற்றில் இரண்டு குடும்பத்துக்கு ஒரே சுவர். அறுபது வருடமாக அந்தச் சுவருக்கு இரண்டு பக்கமும் கல்யாணமும் சாவும் பகிர்ந்துகொண்டவர்கள் நாம். ஒரு டெட்லிஃப்ட்டுக்காக அந்த உறவைக் கெடுக்க வேண்டாம்.

பொதுச் சுவரில் புல்அப் கம்பியோ பிளேட் தாங்கியோ மாட்டாதீர்கள். ஒவ்வொரு அசைவும் அந்தப் பக்கம் முழங்கும். உள்ளே வெற்றிடமுள்ள பிளாக் கல் என்றால் போல்ட்டும் ஒரு நாள் பிடுங்கிக்கொண்டு வரும். மேடைக்கும் சுவருக்கும் ஒரு கை இடைவெளி விடுங்கள். பிளேட் இறங்கும் இடத்தில் 15 மி.மீ. ரப்பர் விரியுங்கள். பாரைப் போடாமல் கையோடு இறக்குங்கள், அந்த இறக்கமும் தசைக்கு வேலைதான். காலை ஐந்து மணிக்கு டம்பெல், கனமான இழுப்புகள் சாயங்காலம். இதையெல்லாம் முடித்துவிட்டு நேரே போய்ப் பேசுங்கள். என் பக்கத்து வீட்டு அக்காவிடம் நான் பேசினேன். மகன் இரவு வேலைக்குப் போகிறான், பகல் பன்னிரண்டு வரை தூங்குகிறான் என்று சொன்னார். சனிக்கிழமை நேரத்தை மாற்றிக்கொண்டேன், இப்போது அந்த மகனும் என் கராஜுக்கு வருகிறான்.

எல்லாம் ஒழுங்காக நடக்கிறது, கண்ணாடியில் மட்டும் மாற்றம் தெரியவில்லை

தினமும் பார்க்கிற கண்ணுக்குத் தெரியாது. காலையில் கழிவறை போய்வந்து, சாப்பிடுமுன் எடை பாருங்கள், ஏழு நாள் சராசரியை எழுதுங்கள். 70 கிலோ ஆளுக்கு வாரம் 200, 300 கிராம் ஏறினால் சரியான வேகம். அதைவிட வேகமாக ஏறினால் வயிறுதான் ஏறும். மூன்று வாரம் சராசரி அசையாவிட்டால் தினமும் கூடுதலாக ஒரு ரொட்டியும் ஒரு டம்ளர் பாலும் சேருங்கள். கிரியேட்டின் தொடங்கிய முதல் வாரங்களில் ஏறும் ஒரு கிலோ தண்ணீர், கணக்கில் எடுக்காதீர்கள்.

நான்கு வாரத்துக்கு ஒரு தடவை தையல் டேப்பால் அளவு எடுங்கள். கையை மடக்கி அதன் பருத்த இடம், தொடையின் நடு, தொப்புளைச் சுற்றி. பயிற்சி முடித்த கையோடு அளந்தால் ரத்தம் ஏறி அளவு பொய் சொல்லும், காலையில் அளந்து பாருங்கள். என் அக்கா மகனுக்கு முதல் நான்கு வாரத்தில் கையில் கால் செ.மீ.கூட மாறவில்லை. முகம் தொங்கிப்போய் வந்தான். நோட்டைத் திறந்து பார்த்தோம். 40 கிலோவில் 10, 9, 8-இல் தொடங்கியவன் 45-இல் 11, 10, 10 தூக்கியிருந்தான். அடுத்த அளவுக்கு நாள் குறித்து, டேப்பை நோட்டுக்குள் வைத்து மூடினோம்.